கட்டியது நாம், கதவின் சாவி எவர் கையில்?

ஏழையின் வீட்டுப் பிள்ளை மருத்துவமனையின் வாயிலுக்குள் நோயாளியாக மட்டுமே நுழைய முடிகிற நாட்டில், மக்களாட்சி இன்னும் முழுமை பெறவில்லை என்று பொருள். அதே பிள்ளை, கழுத்திலே நாடிக்குழலும் நெஞ்சிலே துணிவும் தாங்கி, மருத்துவராக அந்த வாயிலைக் கடக்கும் நாளே மக்களாட்சி மாண்புறும் நாளாகும். ஆகவேதான், மருத்துவக் கல்லூரியில் எவருக்கு இடம் என்ற கேள்வியை நாம் கல்வித் துறையின் கோப்புகளுக்குள் அடங்கிவிடும் கேள்வியாகக் கருதுவதில்லை. அது ஆட்சியின் இயல்பை அளந்து காட்டும் கேள்வி. அரசியலின் அடிவேரைத் தொட்டுப் பார்க்கும் கேள்வி!

சென்னைக் கிண்டியிலே, அண்ணா சாலையின் ஓரத்திலே, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகம் நிற்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 1988இல் பணி தொடங்கியது. அதற்கு முன்னர் நம் மருத்துவக் கல்லூரிகள் பொதுப் பல்கலைக் கழகங்களின் கிளைகளாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே கூரையின் கீழ்க் கொணர வேண்டும், ஒரே சீரான பாடமும் தேர்வும் பட்டமும் வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே இப்பல்கலைக் கழகம். எம்.ஜி.ஆர். அவர்களோடு நமக்கு அரசியல் வேறுபாடுகள் ஆயிரம் உண்டு. எனினும் அவரது ஆட்சியில் எழுந்த இந்த நிறுவனம் தமிழ்நாட்டின் செல்வம் என்று கூற நமக்குத் தயக்கம் இல்லை. மாற்றார் நட்ட மரமாயினும், நிழல் மக்களுக்கு என்றால் அதனைக் காப்பது நம் கடமை.

அப்பல்கலைக் கழகத்தின் குடையின் கீழ் அலோபதி மருத்துவம் மட்டுமா இருக்கிறது? பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம், சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி எனப் பல துறைகள் இருக்கின்றன. ஊசி போடும் செவிலித் தங்கையும், முறிந்த எலும்பு கூடிய பின் முதியவரை நடக்கப் பழக்கும் தம்பியும், மருந்துக் கிடங்கிலே அளவு பார்க்கும் அண்ணனும் அதன் பட்டம் பெற்றே வருகின்றனர். 1835இல் சென்னைப் பொது மருத்துவமனையையொட்டித் தொடங்கிய சிறு மருத்துவப் பள்ளி, 1850இல் கல்லூரியாகி, இன்று அதே குடையின் கீழ் மூத்த பிள்ளையாக வீற்றிருக்கிறது. 2022 சனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட அரியலூர், கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம், விருதுநகர், நீலகிரி உள்ளிட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் இளைய பிள்ளைகள்.

இத்தனை பெரிய குடும்பத்தின் வீட்டுக் கதவைத் திறக்கும் சாவி, வீட்டைக் கட்டியவர் கையில் இருக்கிறதா? இல்லை, தோழர்களே, இல்லை! ஏன் இல்லை என்பதை ஆத்திரத்தோடு மட்டுமன்றி, ஆதாரத்தோடும் அறிந்து கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

அந்தக் கதவின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். அது ஒருநாளும் தானாகத் திறந்ததில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டது. பெண்ணுக்கு எதற்கு மருத்துவப் படிப்பு என்று உலகின் பெருநகரங்கள் பலவும் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது. புதுக்கோட்டையிலே பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912இல் அக்கல்லூரியின் பட்டம் பெற்று வெளிவந்தார். அவர் முயற்சியால் 1954இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை, அன்று திறந்த கதவு பிற்காலத்திற்கு அளித்த கொடை. கதவைத் திறந்தால் தரம் கெடும் என்போருக்கு, அடையாறு பதில் சொல்லும்!

அடுத்து வந்தது வகுப்புரிமை. 1921இல் நீதிக் கட்சி ஆட்சி பிறப்பித்த ஆணை அரசுப் பணிகளிலே தொடங்கியது. பின்னர் கல்லூரி இடங்களுக்கும் அந்நெறி விரிந்தது. நாடு விடுதலை பெற்ற பின், 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்குமாக 1, முசுலிம்களுக்கு 1 என்ற முறை மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் நடைமுறையில் இருந்தது. எவருக்கும் கதவடைப்பு இல்லை. அனைவருக்கும் பங்கு உண்டு. அதைத்தான் அநீதி என்றனர்! நீதிமன்றம் சென்றனர். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்று தீர்த்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்தவர், அந்த இடத்திற்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. போடாத விண்ணப்பம், கிடைக்காத இடம், வீழ்ந்தது நம் உரிமை!

வீழ்ந்த உரிமையைப் பார்த்துத் தமிழகம் விம்மி அழுது ஓய்ந்துவிடவில்லை. தந்தை பெரியார் கிளர்ந்தெழுந்தார்; தெருக்கள் முழங்கின; கட்சி வேறுபாடு கடந்து குரல் எழும்பியது. அதே 1951ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15ஆம் விதியில் 4ஆம் பிரிவு பிறந்தது. இன்று காசுமீரம் முதல் குமரி வரை கல்வியில் இடஒதுக்கீடு பெறும் பிற்படுத்தப்பட்ட மாணவன் ஒவ்வொருவனும், தான் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அந்தத் தமிழகக் கிளர்ச்சியின் கனியைச் சுவைக்கிறான். ஒரு மருத்துவக் கல்லூரியின் கதவைப் பற்றிய வழக்கு, ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்தியது என்றால், இக்கதவின் வலிமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, நம் காலத்திற்கு வருவோம்.

1984இல் தமிழ்நாட்டிலேயே நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு பயின்ற கல்வி ஒரு பக்கம். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் பெற்ற பழக்கம் மறு பக்கம். எது வென்றிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலைஞர் ஆட்சி 2006இல் சட்டம் இயற்றி அத்தேர்வை நீக்கியது. 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிட்டியது. அதன் பின்னர் 2016 வரை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரியின் திறவுகோலாக இருந்தது.

"அவ்வாறு சேர்ந்தவர்களுக்குத் தகுதி உண்டோ?" என்று கேட்கிறார்கள் சிலர். விடையை அவர்கள் ஏட்டிலே தேட வேண்டாம். 2020, 2021 ஆண்டுகளின் கொரோனாக் கூடங்களிலே தேடட்டும்! மூச்சுத் திணறி வந்த முதியோரை, நெருங்கவே உறவினர் அஞ்சிய நாட்களிலே, உடல் முழுதும் கவச உடை பூண்டு, இரவு பகல் பாராது காத்து நின்ற இளம் அரசு மருத்துவர்களிலே பெரும்பாலோர் எவர்? நீட் எழுதாமல், பள்ளி மதிப்பெண்ணால் சேர்ந்து படித்து முடித்தவர்கள். 2017இல் நீட் வழியே சேர்ந்தவர்கள் அப்போது இன்னும் மாணவர்கள். அன்று கை கூப்பித் தொழுதவர்கள், இன்று தகுதியைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்!

நீட் வந்த வழியையும் நினைவில் நிறுத்துங்கள். 2013 சூலையில் உச்ச நீதிமன்றமே அதனைச் செல்லாதென்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஆகசுட்டில் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்து, பொது நுழைவுத் தேர்வு கட்டாயமாயிற்று. 2017 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் விலக்குக் கோரி மசோதாக்களை நிறைவேற்றிற்று, ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021இல் நீதியரசர் ஏ.கே. இராசன் தலைமையில் குழு அமைந்தது. சிற்றூர் மாணவர், தமிழ் வழியில் பயின்றோர், வருவாய் குறைந்த குடும்பத்தார் ஆகியோரின் பங்கு நீட்டுக்குப் பின் சரிந்ததையும், முதல் முறை எழுதி வெல்வோர் குறைந்து, ஆண்டுக் கணக்கில் பயிற்சி பெற்று மீண்டும் மீண்டும் எழுதுவோர் பெருகியதையும் அக்குழு எடுத்துக் காட்டிற்று. அந்த அடிப்படையில் 2021 செப்டம்பர் 13ஆம் நாள் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் ஐந்து திங்கள் வரை வைத்திருந்து திருப்பினார். 2022 பிப்ரவரி 8ஆம் நாள் மன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்தார் என்ற செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

2007இல் ஒப்புதல் பெற்ற அதே கொள்கை, 2025இல் ஒப்புதலுக்குத் தகாததாயிற்று! மாறியது மாணவரின் அறிவா? மக்களின் தேவையா? இரண்டும் இல்லை. மாறியது, டில்லியின் பிடி!

தகுதி, தகுதி என்று தாளம் போடுவோரின் தகுதியையும் சற்றே உரைத்துப் பார்ப்போம். மேற்படிப்புக்கான நீட் தேர்விலே, 2023ஆம் ஆண்டு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, தகுதி வரம்பைச் சுழியம் சதமானத்திற்கு இறக்கி ஆணையிட்டது யார்? நாமா? ஒன்றிய அரசின் அமைப்பு! தேர்வு எழுதியிருந்தாலே போதும், கலந்தாய்வுக்கு வரலாம் என்றாயிற்று. பிறகு 2024இல் என்ன கண்டோம்? முழு மதிப்பெண் பெற்றோர் 67 பேர் என்று முதலிலே அறிவித்தனர். 1,563 பேருக்கு வழங்கிய கருணை மதிப்பெண்ணைப் பின்னர்த் திரும்பப் பெற்றனர். பாட்னாவிலும் அசாரிபாக்கிலும் வினாத்தாள் கசிந்தது உண்மையென்று உச்ச நீதிமன்றமே ஏற்றது. கசிவு நாடெங்கும் பரவியதாகச் சான்று இல்லை என்று கூறி மறுதேர்வுக்கு மட்டும் இசையவில்லை. சுழியத்திற்கு இறங்கும் வரம்பும், சந்தைக்கு வரும் வினாத்தாளும் தகுதியின் அடையாளம் என்றால், அந்தத் தகுதி நமக்கு வேண்டியதில்லை!

ஆனால் தோழர்களே, இந்தச் சிக்கலை மாணவர் சேர்க்கையோடு முடித்துவிடக் கூடாது. இன்னும் ஆழமான இடம் ஒன்று உண்டு. அதனை நம் மேடைகள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள். நள்ளிரவு, பேறுகால வலி, ஆரம்ப சுகாதார நிலையத்து விளக்கு எரிகிறது. அங்கே மருத்துவர் இருக்கிறார். ஏன் இருக்கிறார்? சம்பளத்திற்காக மட்டுமா? நகரத்துத் தனியார் மருத்துவமனை அதைவிடக் கூடுதலாகத் தரும். அவர் அங்கே இருப்பதற்குத் தமிழகம் கண்ட வழி ஒன்று உண்டு. சிற்றூரிலே பணி செய்யும் அரசு மருத்துவருக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. படித்து முடித்ததும் அவர் அரசு மருத்துவமனைக்கே வல்லுநராகத் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு. சிற்றூருக்கு மருத்துவர், மாவட்டத் தலைநகருக்கு மகப்பேறு வல்லுநர், மயக்க மருந்து வல்லுநர், குழந்தை மருத்துவ வல்லுநர், மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியர். ஒரே சங்கிலியின் கண்ணிகள் இவை. ஒரு கண்ணியை அறுத்தால் மற்றவை தாமே கழலும்.

அந்தச் சங்கிலியை ஒன்றிய ஒழுங்குமுறை விதியைக் காட்டி அறுக்கப் பார்த்தனர். தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களின் சங்கம் வழக்காடியது. 2020 ஆகசுட்டு 31ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, பணியில் உள்ள மருத்துவருக்கு ஒதுக்கீடு அளிக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வாதாடினால் வெல்லலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் கண்ணி இன்னும் தளர்ந்தே கிடக்கிறது. அரசுக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்தியத் தொகுப்பிற்குச் செல்கிறது; இளநிலை இடங்களில் 100க்கு 15 செல்கிறது. எஞ்சிய மேற்படிப்பு இடங்களில் இம்மாநிலத்தில் வாழ்வோர்க்கு முன்னுரிமை தருவதும் செல்லாது என்று 2025 சனவரி 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

கல்லூரிகளை எழுப்ப ஒன்றிய அரசும் பணம் தருகிறதே என்பர். தந்தது, மறுக்கவில்லை. 2022இல் திறந்த 11 கல்லூரிகளிலும் அதன் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு வணிகரும் தொழிலாளரும் உழவரும் கட்டிய வரி, டில்லிக்குப் போய்ச் சுற்றித் திரும்பி வந்த பணம் அன்றோ அது? நிலம் நமது, ஆண்டுதோறும் ஊதியமும் மருந்தும் மின்சாரமும் நமது பொறுப்பு. டில்லியே முழுப்பொறுப்பேற்ற மதுரை எய்ம்சு எப்படி வளர்ந்தது என்பதையும் நாடு கண்டது. 2019 சனவரியில் அடிக்கல். 2022இல் மாணவர்கள் வந்தபோது வகுப்பறை இல்லை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிதான் அவர்களுக்கு இடம் தந்தது. மாநிலம் கட்டிய கூரையின் கீழ் ஒன்றியத்தின் கல்லூரி! 2023இலோ, 10 இலட்சம் மக்களுக்கு 100 இடம் என்ற வரம்பு விதித்து, இனிமேல் நீங்கள் புதிய கல்லூரி தொடங்கலாகாது என்ற பொருளில் அறிவிக்கை வந்தது. எதிர்ப்புக்குப் பின் அதைத் தள்ளி வைத்தனர். ஓடுபவனைக் காலில் கயிறு கட்டி நிறுத்தினால், நடப்பவன் முந்திவிடுவான் என்ற கணக்கு அது!

இவையெல்லாம் எப்படி நேர்ந்தன? அரசியல் சட்டத்தின் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். பொது சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வியும் ஒரு காலத்தில் அங்கேயே இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976இல், 42ஆம் திருத்தத்தால் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றினர். விளைவு என்ன? நோயாளி மாநிலத்தின் பொறுப்பு. நோய் தீர்ப்பவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றியத்தின் கையில்! சோறு சமைக்கும் கடமை ஒருவருக்கு, அரிசியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மற்றொருவருக்கு என்றால், பசித்தவன் யாரிடம் முறையிடுவான்?

பல்கலைக் கழகத்தின் தலைமையும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. துணைவேந்தரை நியமிக்கும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு வேண்டும் என்று 2022இல் சட்டமன்றம் இயற்றிய மசோதாக்களில் இம்மருத்துவப் பல்கலைக் கழகத்திற்கானதும் ஒன்று. கிடப்பில் கிடந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றனவாகக் கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்த்தபோது மகிழ்ந்தோம். மே மாதத்தில், துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த உச்ச நீதிமன்றம், அவ்வாறு ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளும் முறைக்கு இடமில்லை என்று கருத்துரைத்தது. ஏறிய படியிலிருந்து இறக்கப்படுவது நமக்குப் புதிதன்று, 1951இலும் இறக்கப்பட்டோம், அதே ஆண்டில் மீண்டும் ஏறினோம்!

இவ்வளவும் கூறிய பின், நமக்கு நாமே கூறிக் கொள்ள வேண்டியதும் உண்டு. பிறர் குறையைப் பேசும் வாய்க்கு, வீட்டுக் குறையைப் பேசும் துணிவும் வேண்டும். நீட்டுக்கு முன்பிருந்த முறையிலும், அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தது விரல் விட்டு எண்ணத்தக்க அளவே. மதிப்பெண் ஆலைகளாக நடந்த தனியார் விடுதிப் பள்ளிகளே அன்று கொழுத்தன. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பின்னரே அந்தப் பிள்ளைகள் நூற்றுக் கணக்கில் நுழைந்தனர். அச்சட்டம் மாற்றுக் கட்சியின் ஆட்சியில் வந்தது; ஆளுநர் காலந்தாழ்த்தியபோது ஒப்புதல் கேட்டுத் தெருவில் இறங்கியது கழகம். நல்லது எவர் செய்யினும் நல்லதே. ஆகவே, நீட் ஒழிந்தால் எல்லாம் ஒளிமயம் என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இல்லையேல், ஆய்வுக் கூடம் இல்லையேல், எந்தத் தேர்வு ஒழிந்தும் பயனில்லை. புதிய கல்லூரிக்குக் கட்டிடம் உண்டு, பேராசிரியர் இல்லை என்றால், அது சுவரே ஒழியக் கல்லூரி ஆகாது. எந்த ஆட்சியானாலும், நம் ஆட்சியேயானாலும், இவற்றைக் கேட்கும் உரிமையைத் தொண்டன் விட்டுக் கொடுக்கலாகாது.

இன்று உங்கள் கையில் உள்ள வேலை என்ன?

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குச் செல்லுங்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டிற்கு உரிய மாணவர் எவர் எவர் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இன்றி ஒரு பிள்ளையும் கலந்தாய்வு நாளன்று கண்கலங்கி நிற்கக் கூடாது; வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நீங்களே நடந்து வாங்கிக் கொடுங்கள். மருத்துவர் பட்டம் ஒன்றே பட்டம் அன்று, செவிலியமும் மருந்தியலும் இயன்முறை மருத்துவமும் அதே பல்கலைக் கழகத்தின் மதிப்புமிக்க படிப்புகள் என்று பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வில் தோற்ற பிள்ளையின் வீட்டு வாயிலில் அன்று மாலையே சென்று நில்லுங்கள். "தம்பி, தங்கையே, தோற்றது நீ அல்ல, உன் அறிவை அளக்கத் தெரியாத அளவுகோல்" என்று தோளில் கை வைத்துச் சொல்லுங்கள். எந்தத் தேர்வும் ஓர் உயிருக்கு ஈடாகாது. ஒரு பிள்ளையைக்கூட இனி நாம் இழக்கலாகாது, நம் போராட்டம் வாழ்வதற்காக, வாழ்ந்து வெல்வதற்காக!

மேடையேறும்போது ஆண்டைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லுங்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள். 1951ஐச் சொல்லுங்கள், 2007ஐச் சொல்லுங்கள், சுழியத்திற்கு இறங்கிய 2023ஐச் சொல்லுங்கள். ஏசுவதை எவனும் செய்வான். எதிரி விடை கூற முடியாத கேள்வியைக் கேட்பவனே கொள்கை வீரன்.

கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பும் வரை, கட்டியவர் கைக்குச் சாவி வந்து சேரும் வரை, இந்த வழக்கு முடியவில்லை. நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்டாலும், ஆளுநர் மாளிகையில் அடுக்கிவைக்கப்பட்டாலும், மக்கள் மன்றத்தில் அது நாள்தோறும் விசாரணைக்கு வரட்டும். வாதாடும் வழக்கறிஞர்கள் நீங்கள். நீதிபதிகள் நம் மக்கள். தீர்ப்பு நமதே!